கடலுக்குக் கரண்ட் போச்சு!

ராத்திரி இரண்டே கால் மணிக்கு ஹவுஸ் ஓனர் கதவைத் தட்டினால் அது வாடகைக்காக இருக்காது. வாடகையை அவர் பட்டப்பகலிலேயே கேட்பார், கூச்சமில்லாதவர். ஆகவே பதறிப் போய்த் திறந்தேன். பனியன், தோளில் துண்டு, இடது கையில் டார்ச். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் ஈரமாக என் மூக்குக்கு நேரே நீண்டிருந்தது.

"தம்பி, ஃபேன் கொக்கி வழியா சொட்டுது. மேல பைப் உடைஞ்சிருக்கு."

"அப்படி எதுவும் இல்லையே சார்..."

"நக்கிப் பாத்தேன் தம்பி. உப்புக் கரிக்குது! எந்த ஊர்ல குழாய்த் தண்ணி இப்படி உப்புக் கரிக்கும்?"

நிறைய ஊர்களில் கரிக்கும். அதைச் சொல்ல அப்போது வாய் வரவில்லை. சொட்டியது குழாய்த் தண்ணீர் இல்லை, வங்காள விரிகுடா என்பதையும் சொல்ல வரவில்லை.

கல்யாணமான புதிதில் மனைவியிடம் "என்ன வேணும், கேள்" என்று கேட்டுவிடுகிற மடத்தனம் எல்லா ஆண்களுக்கும் உண்டு. என் மனைவிக்குத் தூத்துக்குடி. "ராத்திரி படுத்தா கடல் சத்தம் கேக்கணும்ங்க, அது இல்லாம ஒறக்கம் வர மாட்டேங்கு" என்றாள். நான் வேலை பார்ப்பதோ விருத்தாசலத்தில். இங்கே படுத்தால் ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி ஷண்டிங் ஆகிற சத்தம் கேட்கும். செராமிக் தொழிற்பேட்டை, பழமலைநாதர் கோயில், முந்திரி, மணிலாக்கொட்டை எல்லாம் உண்டு. கடல் மட்டும் சுமார் அறுபது கிலோமீட்டர் தள்ளி. சரி, கடலை ஹாலுக்குக் கொண்டுவருவது என்று தீர்மானித்தேன். இரண்டடி நீளம், ஒன்றே காலடி அகலம், ஒன்றே காலடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் குட்டியாக ஒரு ரீஃப்.

முதல் பிரச்னை தண்ணீர். மாமனார் சேதி கேட்டு, தூத்துக்குடியிலிருந்து ஒரு மூட்டை உப்பு அனுப்பிவைத்தார். 'ஒரு லிட்டருக்கு 35 கிராம் கரைத்தால் கடல் ரெடி' என்று நானும் நினைத்தேன். கடல் ரெடியாகாது, ஸார். உப்பளத்தில் தண்ணீர் சுண்டச் சுண்ட முதலில் ஜிப்சமாகக் கால்ஷியம் அடியில் தங்கிவிடும். அப்புறம்தான் உப்பு பூக்கும். மக்னீஷியமெல்லாம் கடைசியாக மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரோடு போய்விடும். நமக்கு வருவது அனேகமாக வெறும் சோடியம் குளோரைடு. கடலிலிருந்து உப்பை எடுக்கலாம். அந்த உப்பிலிருந்து கடலைத் திரும்ப எடுக்க முடியாது. மாமனார் உப்பு ஊறுகாய்க்குப் போயிற்று. இரண்டு வருஷமாகியும் மூட்டை பாதிக்கு மேல் இருக்கிறது.

எங்கள் ஊர் மணிமுத்தாறு கூடலையாத்தூரில் வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் போய்க் கடலில் விழுகிறது. நம் ஊர்த் தண்ணீர் போன இடத்திலிருந்தே கொண்டுவருவோம் என்று ஐந்து வாட்டர் கேனோடு ஒரு டாடா ஏஸ் பிடித்துப் போனேன். முகத்துவாரத்தில் நிரப்பிக்கொண்டு ஜம்மென்று திரும்பினேன். ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் 1.012. கடல் என்றால் 1.025 காட்ட வேண்டும். நான் பிடித்து வந்தது பாதி கடல், பாதி மணிமுத்தாறு! மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் வேறென்ன கிடைக்கும்? அறுபது கிலோமீட்டர் போய் எங்கள் ஊர் ஆற்றையே காசு கொடுத்துத் திருப்பி எடுத்துவந்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். மறு ஞாயிறு, ஆறு கலக்காத சாமியார்பேட்டைக் கடற்கரையில் பிடித்தேன்.

அடுத்தது கல். வெளிநாட்டுப் புத்தகங்களில் 'உயிர்க்கல்' என்று ஒன்று சொல்வார்கள். பவளப்பாறையில் உடைந்த துண்டு. ஓட்டை ஓட்டையாக இருக்கும், ஓட்டைக்குள் கோடி கோடியாகப் பாக்டீரியா. 1961-ல் ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கல், கடல் தண்ணீர், கொஞ்சம் காற்றுக் குமிழி, இதை மட்டும் வைத்துக்கொண்டு தொட்டியில் பவளம் வளர்த்துக் காட்டினார். பெரிய ஃபில்டர் எதுவும் கிடையாது. 'கல்லுதான் ஃபில்டர்' என்பது அதற்கப்புறம்தான் மெல்ல மெல்ல உலகத்துக்கு உறைத்தது.

"தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு துண்டு தரேங்கறார்" என்று ஆரம்பித்தேன். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். கரண்டி கீழே வைக்கப்பட்டால் விஷயம் சீரியஸ்.

"எங்க ஊர்ல அந்தக் கல்லை வெட்டி வெட்டித்தான் சுண்ணாம்புக் காளவாய்ல போட்டாக. தாத்தா காலத்துல வள்ளம் வள்ளமா வந்து எறங்குமாம். இப்ப ரெண்டு தீவே இல்ல, தெரியுமா ஒங்களுக்கு? அந்தக் கல்லு இந்த வீட்டுக்குள்ள வரப்படாது."

அவள் சொன்னது மிகையில்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது தண்ணீருக்கடியில். அரணாக நின்ற பவளப்பாறையைத் தோண்டினால் தீவை அலை தின்னாமல் என்ன செய்யும்? 2001-லிருந்து கல் பவளம் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கிற அதே அட்டவணை. 'கடற்கரையில் சும்மா கிடந்தது ஸார், பொறுக்கினேன்' என்பதும் செல்லாது. ஹாலில் புலித்தோல் போட்டுவிட்டு, 'காட்டில் சும்மா கிடந்தது' என்றால் விடுவார்களா?

ஆகவே பவளம் இல்லாத ரீஃப். ஆபீஸில் இதைக் கேட்டுவிட்டு, "கடலை இல்லாத கடலை மிட்டாய்" என்று பெயர் வைத்தார்கள். இருக்கட்டும்.

கல்லுக்கு என்ன வழி? செராமிக் ஊரில் இருந்துகொண்டு நான் இந்தக் கேள்வியைக் கேட்க மூன்று வாரம் ஆயிற்று. தொழிற்பேட்டையில் நண்பன் ஒருவன் இன்சுலேட்டர், ஜாடி, கொலு பொம்மை எல்லாம் போடுகிறான். "ஓட்டையா ஒரு பொருள் வேணும்டா" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. பீங்கான்காரனிடம் ஓட்டை கேட்பது, தையற்காரனிடம் கிழிசல் கேட்பது மாதிரி. மின்சார இன்சுலேட்டருக்குள் ஒரு துளி ஈரம் புகுந்தாலும் ஆபத்து. அதனால் இறுக இறுக வேகவைத்து, மேலே க்ளேஸ் பூசி, சொட்டுத் தண்ணீர் உறிஞ்சாதபடி ஆக்குவதுதான் அவன் தொழில். எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். க்ளேஸ் பூசாத, ஒரே சூளை வைத்த, நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்கிற பிஸ்கட் மண். கலர் க்ளேஸ் கூடவே கூடாது. அதிலுள்ள உலோகம் உப்புத் தண்ணீரில் இறங்கினால் மீனுக்கு விஷம்.

கடைசியில் அவனே ஒரு யோசனை சொன்னான். களிமண்ணில் உமியைப் பிசைந்து உருட்டிச் சூளையில் வைத்தான். உமி எரிந்து போகும். அது இருந்த இடம் ஓட்டையாக மிஞ்சும். குடிதண்ணீருக்கான மண் ஃபில்டர்கள் இதே முறையில்தான் செய்கிறார்கள். கொழுக்கட்டை மாதிரியும் புட்டு மாதிரியும் பதினெட்டு உருப்படி வந்தது. கூடவே தலை சப்பிப்போன ஒரு செட்டியார் பொம்மையையும், பூசாத பிஸ்கட்டாகவே, கழிவுக் குவியலிலிருந்து எடுத்துப் போட்டான். "இதுவும் ஓட்டைதான், வச்சுக்க." எல்லாவற்றையும் ஒரு வாரம் மாற்றி மாற்றித் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துத் தொட்டியில் அடுக்கினேன்.

ஓட்டைக்கு ஏன் இத்தனை பாடு? ஆபீஸ்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மீன் இருந்தால் கழிவு. கழிவு என்றால் அம்மோனியா. அம்மோனியா என்பது காலையில் வருகிற தபால். முதல் ஸீட்டில் இருக்கிற பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றி அடுத்த ஸீட்டுக்குத் தள்ளும். நைட்ரைட்டும் விஷம்தான். இரண்டாவது ஸீட் அதை நைட்ரேட் ஆக்கும். அது அத்தனை மோசமில்லை. கல்லின் ஆழத்தில், பிராணவாயு எட்டாத உள்ரூமில் ஒரு மூன்றாவது ஆசாமி. அவர்தான் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி ஃபைலை க்ளோஸ் பண்ணி ஆகாசத்துக்கு அனுப்புகிறவர். இரண்டாவது ஸீட்டில் நைட்ரோபாக்டர் இருப்பதாகப் புத்தகங்களில் வெகுகாலம் எழுதிவந்தார்கள். 1998-ல் மீன் தொட்டிகளில் நிஜமாகவே தேடிப் பார்த்தபோது அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தது நைட்ரோஸ்பைரா! அட்டென்டன்ஸில் ஒரு பெயர், ஸீட்டில் இன்னொருவர். எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

இவர்களுக்குச் சம்பளம் வேண்டாம். உட்கார இடம் வேண்டும். அந்த இடம்தான் உமி எரிந்த ஓட்டை.

ஆனால் இவர்கள் ஸீட்டுக்கு வந்து சேர ஐந்து வாரம் ஆகும். ஒரே ஒரு இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டு, டெஸ்ட் கிட் வைத்துத் தினமும் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். அம்மோனியா ஏறி இறங்கும், நைட்ரைட் ஏறி இறங்கும், இரண்டும் பூஜ்யமாகும்வரை மீனே விடக்கூடாது. இந்த ஐந்து வாரம்தான் குடும்ப கௌரவத்துக்குச் சோதனை. வருகிறவர்கள் தொட்டியைப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர், பதினெட்டு கொழுக்கட்டை, ஒரு சப்பைச் செட்டியார். "மீன் எங்க?" "இன்னும் விடலை." "அப்ப இதுல என்ன வளருது?" "பாக்டீரியா." அதற்கப்புறம் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

தொட்டிக்குக் கீழே ஸ்டாண்டுக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. இதற்கு ஸம்ப் என்று பெயர். மேல் தொட்டி வழிந்து குழாய் வழியாகக் கீழே இறங்கும். பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும். ஸம்ப்பில் ஒரு நுரைபிரிப்பான். இதை என் மனைவி நொடியில் புரிந்துகொண்டாள். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டி பால் விட்டால் அழுக்கெல்லாம் நுரையோடு மேலே வரும், வழித்துப் போடுவோம் இல்லையா? இங்கே பாலுக்குப் பதில் பொடிப் பொடியான காற்றுக் குமிழி. அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே அழுக்கு குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறிக் கிண்ணத்தில் சேரும். டிகாக்‌ஷன் நிறம். வாசனையை எழுதினால் எடிட்டர் வெட்டிவிடுவார்.

அப்புறம் ஓட்டம். தண்ணீர் ஓடாவிட்டால் மேலே சொன்ன ஆபீஸ் நடக்காது. ஃபைலை ஸீட்டுக்கு ஸீட் கொண்டுபோய்க் கொடுக்கிற ப்யூன் அதுதான். எந்தப் பொருளையும் ஒட்டினாற்போல் அசையாத தண்ணீர் மெல்லிசாகப் போர்த்திக்கொண்டு நிற்கும். ஓட்டம் வேகமானால் அந்தப் போர்வை இளைக்கும். பிராணவாயு உள்ளே போகும், கழிவு வெளியே வரும். நிஜப் பவளம் காலில்லாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது இதனால்தான். ஸம்ப் வழியாக மணிக்கு ஐந்து சுற்று போதும். என் எண்பது லிட்டருக்கு 400 லிட்டர். (பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் நம்பரை நம்பாதீர்கள். ஒரு மீட்டர் உயரம் ஏற்றினால் பாதிதான் வரும்.) தொட்டிக்குள் மட்டும் இருபது சுற்று வேண்டும். எதிரெதிர்ச் சுவரில் இரண்டு சின்ன ஃபேன், மாறி மாறி ஓடும்படி. ஒரே பக்கமாக ஊதினால் அது ஆறு; மாறி மாறி ஊதினால்தான் கடல்.

எல்லாம் ஓடத் தொடங்கிய அன்று மனைவியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னேன். வழிகிற குழாயிலிருந்து களுக், களுக், களக். ரொம்ப நேரம் கேட்டாள்.

"கடல் மாதிரி இல்லைங்க. டாய்லெட் மாதிரி இருக்கு."

இப்போது அந்த இரண்டே கால் மணிக்கு வருவோம். அன்று ராத்திரி கரண்ட் போயிற்று. பம்ப் நின்றது. மேலே ஏற்றுகிற குழாயின் வாயை நான் தண்ணீருக்குள் பன்னிரண்டு செண்டிமீட்டர் ஆழத்தில் அழகாக முக்கி வைத்திருந்தேன். பம்ப் நின்றதும் அதே குழாய், டேங்கிலிருந்து பெட்ரோல் உறிஞ்சுகிற ட்யூப் மாதிரி, தலைகீழாக வேலை செய்ய ஆரம்பித்தது. வாய் காற்றுக்கு வரும்வரை நிற்காது. கணக்கு: 60 பெருக்கல் 40 பெருக்கல் 12. சுமார் 29 லிட்டர். ஸம்ப்பில் காலி இடம் 15 லிட்டர். மீதி 14 லிட்டர், ஹவுஸ் ஓனரின் ஃபேன் கொக்கி.

பரிகாரம் வெட்கப்படும்படி சின்னது. குழாயின் வாயை மேலே தூக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை. மட்டம் கொஞ்சம் இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். இப்போது இறங்குவது ஐந்தே லிட்டர். ஒருவழி வால்வு போட்டால் போதும் என்பார்கள். அதில் ஒரு மணல் பருக்கை சிக்கினால் தீர்ந்தது. நீங்கள் யாராவது இந்த வம்பில் இறங்கினால், மீன் வாங்குவதற்கு முன் பட்டப்பகலில் நீங்களே ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்.

ஹவுஸ் ஓனர் லேசில் விடவில்லை. "மணவாளநல்லூர் போய்க் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டிடுவேன் தம்பி" என்றார். குறையை மனுவாக எழுதி சன்னதியில் கட்டிவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். கோர்ட் என்றால் வாய்தா வாங்கலாம். கொளஞ்சியப்பரிடம் நடக்காது. அவர் வீட்டு சீலிங்குக்கு வெள்ளையடித்துக் கொடுத்து சமாதானமானேன்.

ஐந்தாவது வாரம் சென்னைக் கொளத்தூருக்குப் போய் இரண்டு கோமாளி மீன் வாங்கினேன். ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை. கடலில் பிடித்ததில்லை, பண்ணையில் பொரித்ததுதான் என்று மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட்டுப் பொரிக்கவைப்பதில் நம் பரங்கிப்பேட்டைக்கும் பங்கு உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் அதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். எழும்பூரிலிருந்து விருத்தாசலம்வரை பாலிதீன் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து ஸீட்காரர் விழுப்புரம்வரை என்னைக் கண்காணித்தார்.

இந்த மீனில் ஒரு விசேஷம். குட்டியில் எல்லாம் ஆண்தான். ஜோடியில் எது பெரிதாக வளர்கிறதோ அது பெண்ணாகிவிடும். அப்புறம் அது சொல்வதுதான் சட்டம். மனைவி இதைக் கேட்டுவிட்டு எதுவும் சொல்லவில்லை. சிரித்ததுதான் தொந்தரவாக இருந்தது. இரண்டும் கொழுக்கட்டைகளையெல்லாம் விட்டுவிட்டு, சப்பைச் செட்டியாரின் மடியில் குடியேறின.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறிய ராத்திரி. பக்கத்தில்தான் நெய்வேலி, கரண்ட் பிறக்கிற ஊர். புயலுக்கு அதெல்லாம் தெரியாது. பத்தரைக்கு எங்கள் தெரு இருண்டது. ஐந்து லிட்டர் ஒழுங்காகக் கீழே இறங்கி நின்றது. ஓட்டை வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டேன். பதினொன்றரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது பெருமை போயிற்று. இரண்டு மீனும் செட்டியாரை விட்டுவிட்டு மேல் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஓட்டம் இல்லை, காற்று இல்லை. மீன் மட்டுமில்லை, ஓட்டைக்குள் இருக்கிற கோடிக்கணக்கான குமாஸ்தாக்களும் அதே பிராணவாயுவைத்தான் சுவாசிக்கிறார்கள். இன்வர்ட்டர் வாங்க வைத்திருந்த பணம்தான் தொட்டியாகி நிற்கிறது.

"இப்ப என்ன செய்ய?" என்றாள். குரல் சரியில்லை.

எங்கோ படித்த ஒரு அம்மாள் ஞாபகத்துக்கு வந்தார். ஆனா தின் என்று பெயர். லண்டனில் பெரிய பாதிரியாரின் மனைவி. 1846-ல் டார்க்கி என்ற கடற்கரை ஊரிலிருந்து கல் பவளத்தை உயிரோடு லண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக் காப்பாற்றினார். பம்ப்பா, கரண்டா, ஒன்றும் கிடையாது. வேலைக்காரப் பெண்ணைத் திறந்த ஜன்னலருகே நிறுத்தி, தினமும் அரை மணி, முக்கால் மணி அந்தத் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றச் சொன்னார். அவ்வளவுதான். நம் ஊர் டீ மாஸ்டர் வேலை.

பித்தளைச் சொம்பை எடுத்தாள். "ஐயோ, செம்பு சேர்ந்தா விஷம்" என்று பிடுங்கினேன். ப்ளாஸ்டிக் மக்கு இரண்டு. தொட்டியில் மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றி, தொட்டியிலேயே விட வேண்டும். நான் நூறு, அவள் நூறு என்று முறை வைத்தோம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செட்டியார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி வாக்கில் மீன்கள் கொஞ்சம் கீழே இறங்கின. பத்து நிமிஷம் நிறுத்தினால் மறுபடி மேலே.

மூன்று மணிக்கு அவள் முறை. வெளியே காற்று வீசிக்கொண்டிருந்தது. மக்கை உயர்த்தி மெதுவாக ஊற்றியபடியே, "ஏங்க, இப்ப கேக்குதா?" என்றாள்.

"என்ன?"

"கடல் சத்தம்."

எனக்கு மழை, காற்று, மக்கிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது. கேட்கிறது என்று சொன்னேன். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது; அந்த அளவு தேறியிருந்தேன்.

ஆறு பத்துக்குக் கரண்ட் வந்தது. களுக், களுக், களக். இரண்டு மீனும் இருந்தன. அவள் சோபாவிலேயே மக்கோடு தூங்கியிருந்தாள். பெரிய மீன் சின்னதை விரட்டிக்கொண்டு செட்டியார் மடிக்குப் போயிற்று.

அப்போது கதவு தட்டப்பட்டது. பனியன், துண்டு, ஈர விரல்.

"தம்பி, மறுபடியும் சொட்டுது!"

ஓடிப் போய் அவர் வீட்டு ஃபேன் கொக்கிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு ஏறி, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அவர் கீழே நின்று என் முகத்தையே பார்த்தார்.

"மழைத் தண்ணி சார்" என்றேன். "உப்பே இல்லை."